அடுப்படிக்கும் கம்பெனிக்கும் ஒரே அபராதமா?

ஆலைக் கூலி அரை வயிற்றுக்கும் காணாததால் நம் வீட்டுப் பெண்கள் கேக் சுட்டு விற்கிறார்கள். விளம்பரம் செய்தால் சட்டம் குறுக்கிடுகிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 53-ஆவது பிரிவு: பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். கோடி புரளும் கம்பெனிக்கும் இதே உச்சவரம்பு! கம்பெனிக்கு அது கைச்செலவு. நமக்கோ ஆயுள் கடன்.

பொய்யை நாம் ஆதரிக்கவில்லை. வனஸ்பதியில் சுட்டதைச் 'சுத்த வெண்ணெய்' என்பது உழைப்பாளியை உழைப்பாளியே ஏய்ப்பது. பதிவும் வேண்டியதே. 2011-ஆம் ஆண்டு விதிகள் சிறு தயாரிப்பாளருக்கு வைத்த கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். அதற்காகத் தரகனிடம் ஆயிரம் அழுவதேன்?

சர்க்காரே, தெருத் தெருவாகப் பதிவு முகாம் போடு! தமிழில் விண்ணப்பம் கொடு! உச்சவரம்பை வருமானத்துக்கேற்ப வகு! சகோதரிகளே, சங்கமாகத் திரளுங்கள்!