கரைக்கு அழகு செய்தால் போதுமா?



நம்ம கோவை வளர்கிறது, எனக்கும் பெருமைதான். 2011-இல் மாநகராட்சி 100 வார்டானது. அவிநாசி சாலையில் 10 கிலோமீட்டர் மேம்பாலம் வந்துவிட்டது. உக்கடம் பெரியகுளக் கரையில் நடைபாதை, வண்ண விளக்கு, செல்ஃபி எடுக்க இடம். சரி, குளத்துத் தண்ணீர்?

நொய்யல் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து நிரம்பினால்தான் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் ஊற்று. அதில் சாக்கடை கலந்தால் ஒரு குளத்தோடு நிற்காது. அடுத்த குளமும் கெடும். இதைக் கேட்டால் "வளர்ச்சிக்கு எதிரி" என்கிறார்கள். விடை தப்பாக இருக்க, நோட்டுக்கு அட்டை போட்டதற்கா மார்க் போடுவது?

அடுத்த முறை குளக்கரையில் படம் எடுக்கும்போது, சாக்கடை விழும் இடத்தையும் எடுத்து மாநகராட்சிக்கு அனுப்புங்கள். ஊர்ப்பற்று அதுதான்.