எந்த ‘நாம்’?

பராகுவே நாட்டு நாணயத்தின் பெயர் குவாரானி. அந்த மண்ணின் ஆதிக்குடிகளில் ஒரு சாராருக்கும் அவர்கள் மொழிக்கும் அதே பெயர்தான். நாட்டில் பழங்குடியினர் சுமார் 2 சதவீதம். குவாரானி பேசுவோரோ பெரும்பான்மையினர். ஸ்பானியத் தந்தைக்கும் குவாரானித் தாய்க்கும் பிறந்து பெருகிய சந்ததி, தாயின் மொழியைக் கைவிடவில்லை. தென் அமெரிக்காவில் இது அபூர்வம்.

ஆனால் வீட்டில் வாழ்ந்த மொழிக்கு அலுவலகத்தில் நாற்காலி கிடைக்கவில்லை. வகுப்பில் குவாரானி பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். பொலிவியாவுடன் 1932-35இல் நடந்த சாக்கோ போரில் மட்டும் அதன் அருமை தெரிந்தது. எதிரி ஒட்டுக்கேட்டாலும் புரியாதென்று, களத்தில் தகவல் பரிமாற்றத்துக்கு அதைப் பயன்படுத்தினார்கள். 1967 அரசியல் சட்டம் அதைத் ‘தேசிய மொழி’ என்று கௌரவித்ததோடு சரி. ஆட்சிமொழி ஸ்பானியம் மட்டுமே. இரண்டுக்கும் சம அந்தஸ்து வந்தது 1992இல்தான்.

ஸ்பானிய மொழியிலிருந்து தமிழுக்கு வருபவர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ‘நோஸோத்ரோஸ்’ என்ற சொல் நாமா, நாங்களா? குவாரானியில் அந்தக் குழப்பமே இல்லை. கேட்பவரையும் சேர்த்தால் ‘ஞாண்டே’, விலக்கினால் ‘ஓரே’. தமிழைப் போலவே.

1992 சட்டத்தின் ‘நாம்’ எது? நாட்டில் 19 பழங்குடிகள், ஐந்து மொழிக் குடும்பங்கள். மேற்கே சாக்கோ சமவெளியில் வாழும் நிவக்லே, என்செத், அயோரேயோ மக்களின் மொழிகளுக்கும் குவாரானிக்கும் உறவு கிடையாது. அரசியல் சட்டம் இவற்றைத் தேசத்தின் பண்பாட்டுச் சொத்து என்கிறது. ஆட்சிமொழி என்று சொல்லவில்லை. தாய்மொழியில் கல்வி தொடங்க வேண்டும் என்று கூறும் 77ஆவது பிரிவே, குவாரானி தாய்மொழியாக இல்லாத சிறுபான்மையினர் இரு ஆட்சிமொழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றும் சொல்கிறது. அதாவது, எந்த அந்நிய மொழி வேண்டும் என்று முடிவு செய்யும் சுதந்திரம்!

2010இல் வந்த மொழிகள் சட்டம், ஆரம்பக் கல்வியில் இம்மொழிகளுக்கும் இடம் தந்தது. சட்டம் இருந்தால் போதாது. அம்மொழியில் பாடநூல் வேண்டும், அதைப் பேசும் ஆசிரியர் வேண்டும். நூற்றாண்டுகளாகத் தலையில் குட்டு வாங்கிய மொழிக்கு இந்த வலி தெரியாமல் போகாது. குவாரானி சொல்லும் ‘ஞாண்டே’யில் அயோரேயோ குழந்தையும் சேருமா என்பதுதான் கேள்வி.