ஓடாத வண்டியை நம்பாதீர்கள்



லண்டனில் இருக்கும் என் தங்கை மகன் பழைய டீசல் மோட்டார்ஹோம் வாங்கப்போகிறான். சேமிப்பெல்லாம் அதில்தான் போகிறது. "பதினைந்து வருஷ வண்டி, இருபதாயிரம் மைல்தான் ஓடியிருக்கு மாமா" என்று பூரிக்கிறான். எனக்கு அங்கேதான் பயம்.

நின்றே கிடந்த வண்டியில் பிரேக் துருப்பிடித்து இறுகும். டைமிங் பெல்ட் ஓடாமலே நைந்துபோகும். டயரில் பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் செத்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பாருங்கள்: 2314 என்றால் 2014-இன் 23-ஆவது வாரம் செய்தது.

எஞ்சினைவிடப் பெரிய வில்லங்கம் சுவர். கூரை இணைப்பு வழியே மழைநீர் இறங்கி, உள்ளே மரச்சட்டம் உளுத்துப்போயிருக்கும், வெளியே பளபளப்பு! ஈரம் அளக்கும் மீட்டரை மூலைமுடுக்கெல்லாம் வைத்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளே ஊதுவத்தி மணம் வந்தால் இன்னும் உஷார்.

இன்னொன்று. 2023 ஆகஸ்ட் முதல், யூரோ 6 தரம் இல்லாத டீசல் வண்டியை லண்டனுக்குள் எங்கே ஓட்டினாலும் தினக் கட்டணம். இந்தக் கிழட்டு வண்டி வாசலைத் தாண்டினாலே தண்டம்.

அறுபதாயிரம் மைல் ஓடிய யூரோ 6 வண்டி ஒன்றும் பார்த்திருக்கிறான். வருஷாவருஷம் சர்வீஸ் பில் இருக்கிறதாம். விலை கூடத்தான். நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

சனிக்கிழமை பார்க்கப் போகிறான். மெக்கானிக் வேலை தெரிந்த நம் பிள்ளைகள் யாராவது அங்கே இருந்தால், கூடப் போங்கப்பா.