பிந்தி வருகிறவனின் வேகம்



ஆகஸ்டு மாதத்தின் கடைசி வாரம் வந்துவிட்டால், பூவத்திலிருந்து வாஞ்சூர் வரை எங்கள் காரைக்கால் பகுதிச் சாலை காவி நிறம் பூண்டுவிடுகிறது. மாதா சுரூபத்தைச் சிறு தேரில் வைத்து இழுத்துக்கொண்டு நடந்து செல்வோர் ஒரு பக்கம். மணியடித்தவாறு கூட்டங் கூட்டமாகச் சைக்கிளில் செல்லும் இளைஞர் மறுபக்கம். சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்குப் புறப்படுகிறவர்கள் 300 கிலோமீட்டருக்கு மேல் மிதிக்க வேண்டும். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் ஆகிய ஊர்களைக் கடந்து, கொள்ளிடம் பாலம் ஏறி இறங்கி, சீர்காழி, தரங்கம்பாடி வழியாக எங்கள் எல்லையை அவர்கள் தொடும்போது, பல நாள் வெயில் அவர்கள் முகத்தில் கருமையாகப் படிந்திருக்கும். அவர்களுடையவை பந்தயச் சைக்கிள்கள் அல்ல. அன்றாடம் பால் ஊற்றவும் வேலைக்குப் போகவும் உதவுகிற கனத்த வண்டிகள். கேரியரில் துணிமூட்டை, கைப்பிடியில் மாதா கொடி, எதிரே தெற்கிலிருந்து வீசும் காற்று. இத்தனை பாடும் எதற்காக? 29-ஆம் தேதி மாலை கொடியேற்றத்தைக் கண்ணாரக் காண்பதற்காக, அல்லது செப்டம்பர் 8-ஆம் தேதி பெருவிழாவில் அன்னையின் திருமுன் நிற்பதற்காக.

சைக்கிள் மிதிப்பதில் என்ன பக்தி இருக்கிறது என்று கேட்போர் உண்டு. இத்தாலி நாட்டில் கோமோ ஏரிப் பகுதியில், மலைச்சாலை ஒன்றின் உச்சியில், கிசாலோ மாதாவின் சிற்றாலயம் உள்ளது. அந்த அன்னையை 1949-ஆம் ஆண்டு பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். வியர்வை சிந்தும் உடலும் செபிக்கிறது என்பதைத் திருச்சபை அறியும். ஆனால் அந்தச் செபம் எந்த இடத்தில் சோதிக்கப்படுகிறது என்பதை நான் கிளிஞ்சல்மேட்டில்தான் கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கொடியேற்ற நாளன்று பிற்பகல், ஒரு வீடு மந்திரிப்பதற்காக மோட்டார் சைக்கிளில் விரைந்துகொண்டிருந்தேன். பெருஞ்சாலையிலிருந்து கிளிஞ்சல்மேட்டுக்குப் பிரியும் முனையில், பதினேழு வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன், செயின் அறுந்த சைக்கிளுக்கு அருகே தலைகவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். கழுத்தில் மாலை, இடுப்பில் காவி வேட்டி. நான் அவனைப் பார்த்தேன். ‘இவன் கூட்டத்தார் பின்னால் வருவார்கள், அவர்கள் கவனித்துக்கொள்வார்கள்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நிற்காமல் போய்விட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது அவன் அங்கே இல்லை. மனம் உறுத்தவே, பக்கத்துத் தேநீர்க் கடையில் விசாரித்துக்கொண்டு கிளிஞ்சல்மேட்டுக்குள் சென்றேன். மீனவர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் பையன் உண்டுகொண்டிருந்தான். மாலை போட்ட பிள்ளை என்று, மீன் வாடை படாத பாத்திரம் தேடி, தனியாக ரசம் வைத்துப் பரிமாறிக்கொண்டிருந்தார் அவ்வீட்டு அம்மாள். அவர் கணவர் சைக்கிளைக் காரைக்காலுக்கு ஏற்றிச் சென்று, புதுச் செயின் போட்டு அப்போதுதான் கொண்டுவந்திருந்தார். அவர்கள் நம் சமயத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். நான் நன்றி சொன்னபோது அந்த அம்மாள் சொன்னார்: “சுனாமி அன்னிக்கு எங்களுக்குச் சோறு போட்டவங்க யாருன்னு இன்னிக்கும் தெரியாது சாமி. எங்களை யாருன்னு கேட்டுக்கிட்டா போட்டாங்க?” 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலை இக்கடற்கரை ஊர்களையும் வேளாங்கண்ணியில் கூடியிருந்த திருப்பயணிகளையும் ஒரே அலைதான் வாரிக்கொண்டு போயிற்று.

சற்று நேரத்தில் பையனின் தோழன் ஒருவன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். திருமலைராயன்பட்டினத்தில் தண்ணீர் குடிக்க நின்றபோதுதான் ஒரு தலை குறைவது தெரிந்ததாம். கொடியேற்றத்துக்கு நேரமாகிறதென்று மற்றவர்கள் முன்னே போக, இவன் மட்டும் வந்த வழியே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் திரும்பியிருக்கிறான். தாயின் நோய்க்காக நேர்ந்துகொண்டு வந்த பையன், “என்னால உனக்கும் கொடியேத்தம் போச்சே” என்று விம்மினான். தோழன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஏறுன கொடி திருநாள் வரைக்கும் அங்கதாண்டா இருக்கும், வா” என்றான். அன்று அந்தத் திண்ணையில் இருந்தவர்களுள், அவனைக் கண்டும் நிற்காமல் போனவன் நான் ஒருவனே.

எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் சாலையைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். 30 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் ஏறத்தாழ 1000 மீட்டர் கீழிறங்கும் பாலைவழி அது. வறண்ட பாறைகளுக்கும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளுக்கும் இடையே செல்வது. அங்கே விலகிச் சென்ற குருவுக்குக் கள்வர் பயம் என்ற சாக்காவது இருந்தது. இருபுறமும் வயலும் கடையும் உள்ள எங்கள் சமவெளிச் சாலையில் எனக்கு என்ன சாக்கு இருந்தது?

தொடக்க நூலில் யாக்கோபு தன் அண்ணன் ஏசாவைச் சந்திக்கும் நிகழ்ச்சி உண்டு. ‘சேர்ந்து போவோம், வா’ என்று ஏசா அழைக்கிறான். யாக்கோபோ, பிள்ளைகள் இளையவர்கள், பால் கொடுக்கும் ஆடுமாடுகள் உடன் வருகின்றன, ஒருநாள் விரட்டினாலும் மந்தை மடிந்துபோகும் என்று கூறி, அவற்றின் நடைக்கு ஏற்ப மெல்ல வருவதாகச் சொல்கிறான். அதற்கு முந்தைய இரவில்தான் அவன் யாப்போக்கு ஆற்றங்கரையில் இடுப்புச் சந்து பிசகி, நொண்டி நடக்கலானான். தான் நொண்டிய பின்னரே அவனுக்குப் பிறர் நடை புரிந்தது போலும்!

குடும்பமும் ஒரு சைக்கிள் கூட்டமே. படிப்பில் பிந்தும் பிள்ளை, வேலை கிடைக்காத தம்பி, ஒரே செய்தியைப் பத்துமுறை கேட்கும் பாட்டி: இவர்களை விட்டுவிட்டு முன்னேறிய வீடு எந்தக் கொடியேற்றத்தைக் கண்டுவிடப் போகிறது?

இவ்வாண்டு பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கூட்டத்தில் வலுவான ஒருவனைக் கடைசியில் வரச் சொல்லுங்கள். நிற்கும் இடந்தோறும் தலைகளை எண்ணட்டும். சாலையின் இடப்புறத்தில் ஒருவர் பின் ஒருவராகச் செல்லட்டும். வண்டியின் பின்புறம் சிவப்பு ஒளிவில்லை பொருத்துங்கள். இருட்டிவிட்டால் பயணத்தை நிறுத்தி, ஆலய வளாகத்திலோ சத்திரத்திலோ தங்கட்டும். லாரிகள் விரையும் சாலையில் இரவெல்லாம் மிதிக்கும்படி அன்னை எவரையும் கேட்கவில்லை.

சாலையோரத்தில் வாழும் நமக்கும் ஒரு கடமை உண்டு. நடுத்திட்டில் மோர் விற்றுக்கொண்டிருந்த கால் ஊனமுற்ற சிறுவன், கையில் பாலனோடு வந்த பெண்மணிக்கு மோர் கொடுத்தான். அவர் பணித்தபடி எழுந்து நாகப்பட்டினத்துக்கு ஓடினான் என்பது வேளாங்கண்ணி மரபு. அந்தத் திருத்தலத்தின் வரலாறே, வழிவந்த ஒருவருக்குக் கொடுத்த ஒரு குவளை மோரில் இருக்கிறது. நடக்க இயலாதவன் ஒருவனே அதன் நற்செய்தியைச் சுமந்து அந்தச் சாலையில் முதலில் ஓடினான்.

இந்த ஆண்டும் காவிக் கூட்டம் உங்கள் வாசலைக் கடக்கும். முதலில் போகிறவனுக்குக் கையசையுங்கள். ஆனால் கடைசியில் வருகிறவன் வரும்வரை மோர்ப் பானையை மூடிவிடாதீர்கள்.