மினர்வா மில்லும் ஒரு சினாப்சிஸும்

எதிர் வீட்டுப் பெண் ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு தாள்களோடு வந்து நின்றாள். எல்.எல்.எம். முடித்தவள். சட்டத்தில் டாக்டர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கிறாள். சினாப்சிஸைப் பார்த்துத் திருத்தித் தர வேண்டுமாம். "மொழிபெயர்க்கிறவங்களுக்குத்தான் அக்கா தப்பு சட்டுனு கண்ணில படும்" என்று ஐஸ் வேறு.

தலைப்பு, மினர்வா மில்ஸ் வழக்கும் அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பும்.

தமிழ் எம்.ஏ. படித்தவளுக்குச் சட்டம் என்ன தெரியும்? ஆனால் மினர்வா மில் தெரியும். ஸ்ரீராம்புரத்திலிருந்து நடந்தே போய்விடலாம். இப்போது அங்கே நூல் இல்லை, சினிமா படப்பிடிப்புதான். இன்னொரு பக்கம் ராஜா மில் இருந்த இடத்தில் மந்திரி மால் நிற்கிறது. இந்த மில்களை நம்பித்தான் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இங்கே வந்து சேர்ந்தன.

1971 அக்டோபரில் மத்திய அரசு மினர்வாவின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 1974-ல் நலிந்த பஞ்சாலைகளைத் தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. கம்பெனி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நானி பால்கிவாலா வாதாடினார். ஆனால் அவர் மில்லைப் பற்றி அதிகம் பேசவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், வந்த 42-வது சாசனத் திருத்தத்தைத்தான் பிடித்துக்கொண்டார். 1980-ல் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதன் இரண்டு பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. சாசனத்தைத் திருத்தும் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்பது அதன் சாரம். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் உருப்போடுகிற தீர்ப்பு. கம்பெனிக்கு மில் திரும்பக் கிடைத்ததா? இல்லை. 1986-ல் அதே நீதிமன்றம் தேசியமயச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

இதெல்லாம் அவளுடைய நான்கு தாள்களில் ஒழுங்காக இருந்தது. ஆங்கிலமும் சுத்தம்.

"உங்க தாத்தா எங்கே வேலை பார்த்தார்?" என்று கேட்டேன். தெரிந்தே கேட்டதுதான்.

"மினர்வாலதான்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "மொதல்ல தொழிலாளிங்களை வச்சுத்தான் எழுதினேன் அக்கா. கைடா இருக்க ஒத்துக்கிட்ட பேராசிரியர், அது சட்டம் இல்லை, சமூகவியல்னு சொல்லிட்டார்."

எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம். இந்த ஒரு வாக்கியம் பல இடங்களில் கேட்கக்கூடியதுதான். நம் நாட்டில் சட்ட ஆய்வு என்றால் பெரும்பாலும் தீர்ப்புகளை அடுக்கி, ஒன்றோடு ஒன்றை உரசிப் பார்ப்பது. அதுவும் வேண்டிய வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் தீர்ப்பு வந்த மறுநாள் மில் வாசலில் என்ன நடந்தது என்று கேட்பது மட்டும் எப்படிச் சட்டத்துக்கு வெளியே போகும்?

இலங்கைத் தமிழரான நீலன் திருச்செல்வம் ஹார்வர்டில் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அவர் 1984-ல் வெளியிட்ட நூல் மக்கள் நீதியைப் பற்றியது. பெரிய நீதிமன்றங்களை விட்டுவிட்டு, சாதாரண ஜனங்கள் வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் மன்றங்களைப் பார்த்தார். பிறகு அரசியல் சாசன நிபுணராக, இலங்கையில் அதிகாரப் பகிர்வுத் திட்டங்களை வகுப்பதில் பங்கெடுத்தார். 1999 ஜூலை 29 அன்று கொழும்பில் தற்கொலை குண்டுதாரியால் கொல்லப்பட்டார். அவரை யாரும் சமூகவியல்காரர் என்று ஒதுக்கவில்லை.

அவள் தயங்கியதிலும் நியாயம் இருக்கிறது. 2022-ம் ஆண்டு யு.ஜி.சி. விதிகளின்படி ஆய்வுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் வேலைக்கு டாக்டர் பட்டம் கட்டாயமில்லை, நெட் தேறினால் போதும். ஆனால் அதற்கு மேலே போக பட்டம் வேண்டும். இப்படி இருக்கும்போது கைடைப் பகைத்துக்கொண்டு எவள் மில் வாசலுக்குப் போவாள்? நூலகத்தில் உட்கார்ந்தால் காரியம் சீக்கிரம் முடியும்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனோம். தாத்தா திண்ணையில் இருந்தார். பதிலியாகச் சேர்ந்தவர். யாராவது லீவு போட்டால்தான் வேலை. விடியற்காலையில் கேட்டில் போய் நிற்க வேண்டும், பேர் கூப்பிட்டால் உள்ளே, இல்லாவிட்டால் வீட்டுக்கு. 'பதிலி'யை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று நான் யோசிக்க, பேத்தி சிரித்தாள். 1947-ம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்திலேயே 'பத்லி' என்று அப்படியே எழுதி, விளக்கமும் கொடுத்திருந்தார்களாம். சட்டத்துக்குத் தெரிந்த வார்த்தையை என் அகராதியில் தேடினேன்!

மினர்வா மில்ஸ் வழக்கைப் பற்றிக் கேட்டோம். "எந்தக் கேசும்மா? கிராஜுவிடி கேசா?" என்றார் பெரியவர். சாசனத் திருத்தம் ரத்தான கதையைப் பேத்தி விளக்க, பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இதுல என் பேரு வருமா?" என்றார்.

ஆய்வில் பேட்டி கொடுப்பவர்களின் பெயரை மாற்றித்தான் எழுதுவது வழக்கம் என்றாள் அவள்.

"அப்போ அங்கயும் எனக்குப் பதிலா வேற ஆளா?"

சினாப்சிஸில் ஓர் அத்தியாயம் கூடியிருக்கிறது. 1971-ல் நிர்வாகம் கைமாறியதிலிருந்து மில் மூடியதுவரை, மினர்வாவில் வேலை பார்த்தவர்களின் வாக்குமூலம். தலைப்பை அவள் மாற்றவில்லை, கைடு கண்ணில் முதலில் படுவது அதுதானே. அடுத்த மாதம் நேர்காணல். அதற்குள் தாத்தாவின் பழைய ஷிப்ட் கூட்டாளிகள் மூன்று பேரின் பேச்சைப் பதிவு செய்து கொண்டுவந்திருக்கிறாள். பாதி தமிழ், பாதி கன்னடம். ஆங்கிலப்படுத்தும் வேலை என் தலையில்.