மிளகளவு புள்ளிக்கு முழுக் கண்ணாடியா?

போன மாதம் திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கிளியனூர் தாண்டியதும், முன்னால் போன டிப்பர் லாரியிலிருந்து ஒரு ஜல்லிக்கல் தெறித்து என் பழைய ஆல்டோவின் முன்கண்ணாடியில் ‘டக்’கென்று விழுந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மிளகளவு ஒரு குழி. சுற்றி நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம். அவ்வளவுதான்.

மறுநாள் ஒர்க்‌ஷாப் பையன் கண்ணாடியைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. என் நரைத்த தலையைத்தான் பார்த்தான். “இதுக்கெல்லாம் ரிப்பேர் கிடையாது சார். முழுசா மாத்திடலாம். இன்சூரன்ஸ்ல போட்டா உங்களுக்கு ஒரு பைசா செலவில்ல.”

முப்பத்து நான்கு வருடம் பில்லும் வவுச்சரும் சரிபார்த்தவனிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. பாலிசியை எடுத்துவைத்துக் கணக்குப் போட்டேன். ஐந்து வருடம் நான் க்ளெய்ம் எதுவும் கேட்காததால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி கிடைக்கிறது. இப்போது க்ளெய்ம் போட்டால் அடுத்த வருடம் தள்ளுபடி பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி, மறுபடி 50-ஐத் தொட ஐந்து வருடம் ஆகும். இடையில் இழப்பதைக் கூட்டினால் ஒரு முழு வருடப் பிரீமியமும் இன்னொரு கால் பங்கும். தள்ளுபடிக்கு முன் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5,000 போகிறது. சின்ன வண்டிக்குக் கட்டாயமாகப் பிடிக்கும் 1,000 ரூபாய் வேறு. ஆக 6,000. இதற்குப் பெயர் ஒரு பைசா செலவில்லையாம்!

காசு மட்டும் என்றால்கூட விட்டுவிடலாம். கம்பெனியில் ஒட்டி வந்த கண்ணாடி பாலியூரித்தேன் பசையில் உட்கார்ந்திருக்கிறது. கூரைக்கு அது ஒரு தாங்கல். பல வண்டிகளில் பக்கத்து இருக்கை ஏர்பேக் விரியும்போது அந்தக் கண்ணாடியில் சாய்ந்துதான் விரிகிறது. நன்றாக இருக்கும் ஒட்டைப் பிய்த்து, அவசரத்தில் இன்னொருவன் ஒட்டி, பசை காய்வதற்குள் வண்டியைக் கொடுத்தனுப்பினால் ஐப்பசி மழையில் டேஷ்போர்டு நனைவதுதான் மிச்சம்.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் ‘லெசோன் த ஷோஸ்’ என்று ஒரு பாடம் உண்டு. கையில் ஒரு பொருளைக் கொடுத்து, இது எதனால் ஆனது, எப்படி வேலை செய்கிறது என்று கேட்பார்கள். இந்தக் கண்ணாடிக்கே பிரெஞ்சில் ‘பார்-பிரீஸ்’, அதாவது தென்றலைத் தடுப்பது என்று பெயர். (கிளியனூரில் வந்தது தென்றல் இல்லை.) 1903-இல் எதுவார் பெனெதிக்துஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டது, ஆனால் சிதறவில்லை. உள்ளே செல்லுலோஸ் நைட்ரேட் காய்ந்து படலமாக ஒட்டியிருந்ததுதான் காரணம். 1909-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய முன்கண்ணாடியும் அதே தத்துவம்தான்: இரண்டு கண்ணாடித் தகடு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். ஜல்லி உடைத்தது வெளித்தகட்டை மட்டும். அந்தக் குழியில் இருப்பது காற்று, அதனால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. காற்றை எடுத்துவிட்டு ரெசினை நிரப்பினால் விரிசல் ஓடாது. இதைப் புரிந்துகொள்ள எஞ்சினீயரிங் படிக்க வேண்டியதில்லை.

ரப்பர் கிண்ணம், ஊசிக்குழாய், சின்னக் குப்பியில் ரெசின், இரண்டு பிளாஸ்டிக் துண்டு, ஒரு பிளேடு. எல்லாம் சேர்ந்த பெட்டி ஆன்லைனில் 600 ரூபாய்க்குள் வந்தது. வேலையை நிழலில்தான் செய்ய வேண்டும். வெயிலில் செய்தால் ரெசின் உள்ளே போவதற்கு முன்பே இறுகிவிடும். குண்டூசியால் கண்ணாடித் தூளை எடுத்தேன். கிண்ணத்தைக் குழிக்கு நேராக ஒட்டி, சில சொட்டு விட்டு, பிஸ்டனை இழுத்துக் காற்றை வெளியேற்றினேன். பத்து நிமிடம் கழித்து அழுத்தினேன். வாசலில் நின்ற மனைவி, “கண்ணாடிக்கு ஊசி போடுறீங்களா?” என்றாள். முதல் தடவை ஒரு குமிழி நின்றுவிட்டது, மறுபடி இழுத்தேன். பிறகு பிளாஸ்டிக் துண்டை மூடி வண்டியை வெயிலுக்குத் தள்ளினோம். புற ஊதாக் கதிர் பட்டால்தான் ரெசின் இறுகும். அதற்கா நம் ஊரில் பஞ்சம்? கால் மணி நேரத்தில் இறுகியது, பிளேடால் சுரண்டினேன். தேடிப் பார்த்தால் ஒரு மங்கல் புள்ளி தெரியும்.

ஒர்க்‌ஷாப்பை மட்டும் திட்டினால் நியாயம் இல்லை. வாட்ஸ்அப் வைத்தியர்களும் இருக்கிறார்களே! பற்பசை, நகப்பூச்சு, ஃபெவிக்விக் என்று மூன்று நண்பர்கள் மூன்று யோசனை அனுப்பினார்கள். பற்பசை உள்ளே போய் அடைத்துக்கொண்டால் பிறகு நல்ல ரெசினும் இறங்காது. ஃபெவிக்விக் வெள்ளை பூக்கும்.

எல்லாவற்றுக்கும் ஊசி போதும் என்று நான் சொல்லவில்லை. ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய சேதம், ஓரத்தைத் தொட்ட விரிசல், நீளமாக ஓடிவிட்ட கோடு, உள்தகடும் உடைந்தது, ஓட்டுநரின் பார்வைக்கு நேரே இருப்பது: இவற்றுக்கு நானும் மாற்றத்தான் சொல்வேன். பக்கக் கண்ணாடி வேறு ஜாதி. அடி பலமானால் மொத்தமும் கற்கண்டாக உதிர்ந்துவிடும், ரிப்பேர் என்ற பேச்சே இல்லை. சின்னப் புள்ளியை மட்டும், பட்ட அன்றைக்கே ஒரு செல்லோடேப் ஒட்டித் தூசியும் ஈரமும் புகாமல் காப்பாற்றுங்கள். கொதிக்கிற கண்ணாடியில் ஏசியைத் திருப்பிவிடாதீர்கள், புள்ளி கோடாக ஓடிவிடும்.

குப்பியில் இன்னும் பாதி ரெசின் இருக்கிறது, இருட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தைப் படிக்கும் நம் தெருக்காரர்கள் யாருக்காவது தேவைப்பட்டால் ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் வாருங்கள். வண்டியைக் கழுவிக்கொண்டு மட்டும் வர வேண்டாம், ஈரம் இருந்தால் ஒட்டாது.