அலமாரியிலுள்ள மருந்து அன்னையைச் சேருமா?

மகப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் முன்னோர் சொல்லிவந்தனர். அஃது அலங்கார வார்த்தையன்று. 1940ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில், எமது இலங்கையிலே ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 1,500க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 2019ஆம் ஆண்டளவில் அத்தொகை 40க்கும் கீழே இறங்கிவிட்டது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, வீடுதோறும் சென்ற மருத்துவ மாதர், இலவச வைத்தியம், பெண்கல்வி ஆகியவற்றை இதற்குக் காரணங்களாகச் சொல்வர். அவற்றோடு நாம் எண்ணிப் பாராத பணியொன்றும் உண்டு. மருந்தை எண்ணி, பேணி, வேளைக்கு அனுப்பும் களஞ்சியப் பணியே அது.

மருந்து நாட்டிலே இருப்பது வேறு. வேண்டிய தாய்க்கு வேண்டிய வேளையிற் கிடைப்பது வேறு. கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கற் பிரிவிலிருந்து அது மாவட்டக் களஞ்சியங்களுக்கும், அங்கிருந்து வைத்தியசாலைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் செல்லவேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கடைசியில் நிற்கும் தாயே வெறுங்கையோடு திரும்புவாள்.

பிள்ளை பிறந்தபின் உதிரம் நில்லாது பெருகுவதுண்டு. கருப்பையைச் சுருங்கச் செய்து அதனைத் தடுப்பது ஒக்சிற்றோசின் என்னும் ஊசிமருந்து. இதனை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரிலே வைத்தல் வேண்டும். வெப்பத்திற் கிடந்தால் அதன் வலிமை குறையும். ஆனால் குப்பியிலுள்ள நீரின் நிறமோ மணமோ மாறாது. ஊசி போடுபவர் மருந்து கொடுத்தோம் என்று நம்பியிருக்க, தாயின் உதிரமோ ஓடிக்கொண்டிருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் வெப்பமானியைக் காலையும் மாலையும் பார்த்துக் குறிக்கும் ஊழியர் செய்வது வெறும் எழுத்துவேலையன்று என்பது இதனாற் புலனாகும்.

குளிர் மிகுந்தாலும் கேடுதான். ஈரல் அழற்சிக்கும் ஏற்புவலிக்கும் எதிரான தடுப்பு மருந்துகள் உறைந்துபோனால் பயன் இழந்துவிடும். ஆதலால் அவற்றைப் பெட்டியின் உறைபகுதிக்கு அருகில் வைத்தலாகாது. காலாவதித் திகதி முந்தியது எதுவோ அதனையே முதலில் எடுத்து வழங்கவேண்டும். நேற்று வந்ததை முன்னே அடுக்கி முந்தியதைப் பின்னே தள்ளினால், நல்ல மருந்து குப்பைக்குத்தான் போகும்.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு கிளினிக்கில் 40 கர்ப்பிணித் தாய்மார் நாளொன்றுக்கு ஒவ்வோர் இரும்புச்சத்துக் குளிசை உட்கொள்கின்றனர் எனக் கொள்வோம். மாதத்துக்கு 1,200 குளிசைகள் வேண்டும். கேட்ட மருந்து வந்துசேர இரண்டு மாதம் ஆகுமாயின் 2,400, எதிர்பாராத தாமதத்துக்கென ஒருமாத இருப்பு 1,200, ஆக 3,600. இருப்பு இத்தொகைக்கு இறங்கியவுடனே விண்ணப்பம் போகவேண்டும். போத்தலின் அடி தெரியும்வரை காத்திருப்பவர் இரண்டு மாதம் தாய்மாரைக் காக்கவைப்பார்.

இக்கணக்கிலே ஒரு பெரும்பொறி இருக்கின்றது. மருந்து முடிந்துபோன மாதத்தில் வழங்கிய தொகை பூச்சியம் என்றே பதிவேடு காட்டும். அதனை மட்டும் பார்த்து அடுத்த ஆண்டுக்குத் திட்டமிட்டால், தேவை குறைந்தது போலத் தோன்றும், வருவதும் குறையும், மீண்டும் தட்டுப்பாடு உண்டாகும். கொடுக்காத மாதம் தேவையில்லாத மாதமன்று. மருந்தின்றித் திரும்பிய தாய்மார் எத்தனை பேர் என்பதையும் எழுதிவைக்கும் கிளினிக்கே உண்மையான கணக்கை வைத்திருக்கின்றது. 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் நாடெங்கும் மருந்து அருகியது. அத்தகைய ஆண்டின் வழங்கற் கணக்கை அப்படியே தேவையின் கணக்காகக் கொள்வது எத்துணை அநீதி!

இவை யாவும் உத்தியோகத்தர் கடமை, வீட்டிலிருக்கும் நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? நம் பங்கும் உண்டு. சின்னமுத்துத் தடுப்பு மருந்தைப் பல குழந்தைகளுக்குப் போதுமான அளவில் ஒரே குப்பியில் அடைப்பதுண்டு. அதனைக் கரைத்தபின் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் பயன்படுத்தலாகாது. குறித்த நாளில் குழந்தைகள் வாராவிடின், திறந்த குப்பியின் மிச்சம் வீணாகும். ஆகவே கிளினிக் நாளைத் தவறவிடாதிருத்தல் அயல்வீட்டுக் குழந்தைக்கும் செய்யும் உதவியாகும்.

குளிசைகளை வாங்கிவந்து அடுக்களைத் தட்டில் மறந்துவிடுவதும் களஞ்சியத்திற் பழுதாக விடுவதும் ஒன்றே. வயிற்றுக்கு ஒவ்வாவிடின் ஒளிக்காமல் மருத்துவ மாதிடம் சொல்லுங்கள். தேநீரோடு இரும்புச்சத்துக் குளிசையை விழுங்காதீர்கள். தேநீர் அச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். மருந்து இல்லை என்று சொல்லப்பட்டால், எப்போது வரும் என்று பணிவாகக் கேளுங்கள். வந்து திரும்பியதைக் குறித்துக்கொள்ளும்படியும் சொல்லுங்கள். குறிக்கப்படாத தாய் எந்தக் கணக்கிலும் இல்லாதவளாகி விடுவாள். அவளுக்கென எவரும் மருந்து அனுப்பார்.